கடிதங்களிலிருந்து எண்ணிக்கை எடுத்தல்

ஆற்றைக் கடக்கையில் படகு கவிழ்ந்து
பதினோரு வருடத்துக் குறிப்பேடுகள் போய்விட்டன.
அக்கா போகவில்லை. முழங்கால் போனது.
இப்போது கலபாரில், என் வீட்டுப் பின்னறையில்,
கட்டில் இருக்கத் தரையில் படுத்திருக்கிறாள்.

அலுவலகத்திலிருந்து வந்த இளைஞன்
செருப்பை வாசலில் விடுவதா வேண்டாமா என்று தயங்கி,
பிறகு கேட்டான்:
"உங்களுக்கு எழுதிய கடிதங்கள் இருக்குமா, அம்மா?
தேதி, இடம், எத்தனை. இவ்வளவு போதும்.
சொந்த விஷயங்களை விட்டுவிடலாம்."
நாற்பது படிவங்களை வைத்துவிட்டுப் போனான்.

இருக்கின்றன. மீன் குளிர்கிடங்கின் கணக்குப் பெட்டியில்,
ரசீதுகளுக்கு அடியில்.
அவள் காகிதத்தில் புகை,
என் பெட்டியில் கானாங்கெளுத்தி.
இரண்டும் சண்டை போட்டு ஓய்ந்து
ஒரே வாசனையாகிவிட்டன.

"ஆரித், உன் கல்யாணத்துக்கு வர முடியாது.
ம்பே மலையில் மழை இறங்கிவிட்டது, பாலம் இல்லை.
நீ திட்டுவது இங்கே கேட்கிறது.
இன்று பதினேழு கூடுகள், நேற்றிரவு கட்டியவை.
ஒன்றில் கையை வைத்தேன். சூடு ஆறவில்லை."

எழுதுகிறேன்: கூடு, பதினேழு. வயது, ஓர் இரவு.
சூட்டுக்குக் கட்டம் இல்லை.

கூடு என்றால் மரத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
தரையில், உட்கார்ந்தபடியே இலையை மடித்து
சுற்றிலும் அமுக்கி, ஒரே இரவுக்குச் செய்வதாம்.
"மறுநாள் வேறு இடம். வாடகைப் பாக்கியே இல்லாத வாழ்க்கை.
உன் வீட்டுக்காரரிடம் சொல்லாதே, அழுதுவிடுவார்."

கடிதம் கடிதமாகத் தேடிப் பார்த்தேன்.
பதினோரு வருடத்தில் அவள் அவற்றை
நேருக்கு நேர் பார்த்தது நான்கே தரம்.
மற்றதெல்லாம் சாணம், கடித்துப் போட்ட தண்டு,
ஓஜோங் மோந்து பார்த்துச் சொன்ன வழி,
பள்ளத்தாக்குக்கு அப்பால் யாரோ
மார்பில் தட்டிக்கொண்ட சத்தம்.
சந்தையெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்,
என் அக்கா கொரில்லாக்களோடு வாழ்கிறாள் என்று.
அவை எழுந்துபோன இடத்தில் வாழ்ந்திருக்கிறாள்.

"கம்பிக் கண்ணி இருபத்தாறு எடுத்தோம்.
வைத்தவன் யாரென்று தெரியும்.
அன்றிரவு அவன் பெண்டாட்டிதான்
எங்களுக்கு மரவள்ளிக் களி கிண்டிப் போட்டாள்.
சாப்பிட்டோம். அவளிடம் என்ன சொல்ல?"

கண்ணி, இருபத்தாறு.

பிறகு அந்தக் கடிதம்.
பிரிக்காமலே தேதி தெரியும். ஜனவரி பத்தொன்பது.
என் எஃபியோம் காய்ச்சலில் போய்ப் பன்னிரண்டாம் நாள்.
இரண்டு வயது.
லாரிக்காரனிடம் சொல்லி அனுப்பியிருந்தேன்.
வந்தது அரைப் பக்கம்:

"ஆரித். கூடுகள் எட்டு.
ஒரு தாயின் கூட்டில் பெரிய சாணத்தோடு
சின்னச் சாணமும் இருக்கும்.
நேற்று இல்லை. முந்தாநாளும் இல்லை.
மற்றவர்கள் தடம் பிடித்துப் போய்விட்டார்கள்.
நான் அந்தக் கூட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தேன்.
மூன்று நாள். ந்கோயோ."

அன்று கசக்கி எறிந்தேன்.
என் கணவர் பொறுக்கி நீவி வைத்திருக்க வேண்டும்.
பிள்ளை செத்தவளுக்குச் சாணக் கணக்கு அனுப்புகிறாளே என்று
பதிமூன்று மாதம் பதில் போடவில்லை.
அவள் நிறுத்தவில்லை.
படிவத்துக்கு வேண்டியது
அந்தப் பதிமூன்று மாதத்தில்தான் அதிகம்.

கூடு, எட்டு. குட்டி, இல்லை.
தங்கிய நாள், மூன்று.
தங்கிய காரணம்

சுவருக்கு அப்பால் புரளும் சத்தம்.
போர்வையைச் சுற்றிலும் அமுக்கிக்கொள்கிறாள்.
"தூங்கிட்டியா?"
"இல்ல."
"எஃபியோம் போனப்ப, அந்தக் கூட்டுக்கிட்ட
மூணு நாள் உட்கார்ந்திருந்தியே, எதுக்கு?"
வெகுநேரம் மின்விசிறி மட்டும்.
"மழை" என்றாள்.

ஜனவரி.
வடக்கிலிருந்து பாலைத் தூசி வந்து
மலையையே மூடும் மாதம்.
வானிலைக் கட்டத்தில்
மழை என்றே எழுதினேன்.